ஆறு வெள்ளை வைனும் யூட்டின் மூக்கும்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சோளகக் காற்று விட்டபாடில்லை. காலையில் மன்னார்ப் பாலம் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் சரியப் பார்த்தது. ஓட்டினது என் மனுசன் யூட். இறங்கிப் பார்த்தால் என் காதுக்குள் மணல்.

வேலை: மேசை விரிப்புகள் தோய்க்கக் கொடுக்க. மேல் அறை ஜன்னல் கொளுக்கி. எறும்பு மருந்து.

முதலாளி அண்ணை கொழும்பிலிருந்து வந்தார். (இனி மு. என்றே எழுதுவேன், கை நோகிறது.) கனகாலம் பாரிசில் இருந்தவர். காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரரை நம்பித்தான் இந்த எட்டு அறை விடுதியைக் கட்டினார். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆறு போத்தல்.

"எல்லாம் வெள்ளை வைன், ரெஜி. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு சினேகிதர் சாப்பிட வருகினம். அதுக்குள்ள ருசி பாத்து, எங்கட சாப்பாட்டுக்குத் தோதான ரெண்டைத் தெரிஞ்சு வையுங்கோ. ஒவ்வொண்டுக்கும் மூண்டு வரி எழுதித் தாங்கோ, மெனுவில போடலாம்."

"நானோ அண்ணை?"

"நீங்கள்தானே டோஹாவில வைன் பாத்தனான் எண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்தான். நான்கு வருடம் அங்கே ஒரு ஹோட்டலில் போத்தல் திறந்தேன், ஊற்றினேன், துடைத்தேன். ஒரு துளியும் என் வாயில் பட்டதில்லை. வேலைக்குக் கேட்டு வந்தபோது அதைச் சொல்லவில்லை.

சரியாகச் செய்தால் சாப்பாட்டு மண்டபம் முழுக்க என் பொறுப்பாம். கொழும்பிலிருந்து ஆள் எடுக்கத் தேவையில்லையாம்.

யூட் குசினியில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கும். அவர் கடைசியாகக் குடித்து இரண்டு வருடமும் நான்கு மாதமும். முருங்கன் ஆசுபத்திரிக் கட்டிலில் மஞ்சள் கண்ணோடு கிடந்தவர். எழும்பி வந்து, வள்ளத்தைத் தமையனிடம் விட்டுவிட்டு, அகப்பை பிடித்தார். இங்கே சமையல் அவர்தான்.

மூன்று மணிக்கு, ஆட்கள் இல்லாத நேரம், ஒவ்வொன்றிலும் ஒரு வாய். வாளியில் துப்பினேன்.

பிரான்ஸ் – புளிப்பு.
ஜேர்மனி – புளிப்பு, கொஞ்சம் இனிப்பு.
இத்தாலி – புளிப்பு.
நியூசிலாந்து – நல்ல புளிப்பு.
தென்னாபிரிக்கா – புளிப்பு??
அவுஸ்திரேலியா – புளிப்புக் குறைவு.

இதையா மெனுவில் போடுவது.

ஓகஸ்ட் 6, புதன்

காற்று அதேதான். மணலுக்குப் பயந்து குசினி ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே வேர்வை.

நியூசிலாந்தை ஊற்றிவிட்டு மோந்து மோந்து பார்க்கிறேன், ஒரு சொல் வரவில்லை. யூட் பின்னால் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார்.

"அது நெல்லிக்காய் மணக்குது."

"எது?"

"நீ இப்ப ஊத்தினது. நெல்லிக்காய். அதோட மழைக்குப் பிறகு வெட்டின புல்லு."

மோந்தேன். நெல்லிக்காயேதான். அவர் சொல்லும் வரைக்கும் அது அங்கே இருக்கவில்லை.

கிளாசை அவரிடம் கொண்டுபோனேன். "குடிக்க வேண்டாம், மணந்து மட்டும் பாருங்கோ" என்றேன். நான்தான் சொன்னேன்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது:

நியூசி. – மேலே எழுதியது. பிறகு பாஷன் பழத் தோல்.
பிரான்ஸ் – தேசிக்காய்த் தோல். ஈரச் சிப்பி ஓடு. "கடல் வத்தேக்க எங்கட கரையில குனிஞ்சா வருமே, அது."
தெ. ஆபி. – தேன், கொய்யா, கொஞ்சம் வைக்கோல்.
அவுஸ். – பட்டர், வனிலா. "புதுப் பலகை. வள்ளம் கட்டுற இடத்து மணம்."
இத். – கனநேரம் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். "இது ஒண்டும் கதைக்கேல்லை."
ஜேர். – சிரித்தார். "மண்ணெண்ணெய்!"

"விளையாடாதேங்கோ."

"வள்ளத்து மெசின் மணம். எத்தனை வருசம் மணந்தனான், எனக்குத் தெரியாதோ?"

போத்தல் பழுதாக்கும் என்று பயந்து மு.வுக்குப் போன் எடுத்தேன். அவர் துள்ளிவிட்டார். "அது பழுதில்லை ரெஜி! அந்தச் சாதித் திராட்சை வைன் வருசம் போகப் போக அப்படித்தான் மணக்கும். தெரிஞ்ச ஆக்கள்தான் அதைப் பிடிப்பினம். ஆர் கண்டுபிடிச்சது?"

"நான்தான் அண்ணை."

எழுதவே கூசுகிறது. ஆனால் சொன்னது அதுதான்.

பின்னேரம் ஆறு வரிகளையும் போனில் அனுப்பினேன். "அருமை" என்று பதில்.

இன்னொன்று. கடைசிக் கிளாசைத் திருப்பித் தரும்போது யூட் அதை உடனே விடவில்லை. விளிம்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் தந்தார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரிக் கொப்பியைத் திறந்தேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

இன்று சாப்பாட்டோடு. யூட் நண்டுக் கறி (உறைப்புக் குறைக்காமல்), பாரை மீன் பொரியல், தேங்காய்ப்பால் சொதி வைத்தார்.

எல்லாம் தலைகீழ்.

பொரியலுக்குத் தேசிக்காய் பிழிந்தபடி பிரான்ஸ். வாய் கழுவி விட்டதுபோல் இருந்தது. அடுத்த வாய் மீன் கேட்டது. அதே பிரான்ஸ் நண்டோடு கத்தி. அவுஸ்திரேலியா இன்னும் மோசம். உறைப்பைப் பிடித்துத் தொண்டை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது, கண்ணில் தண்ணீர். சொதியோடு மட்டும் அது நல்ல பிள்ளை. தென்னாபிரிக்கா சொதியோடும் போகும், நண்டோடும் சமாளிக்கும். இத்தாலி எதோடும் சண்டையில்லை, எதோடும் சேர்த்தியும் இல்லை.

ஜேர்மனிதான் ஆச்சரியம். நேற்று மண்ணெண்ணெய் என்று தள்ளி வைத்தது. நண்டு உறைத்த வாயில் அந்தக் கொஞ்ச இனிப்பு வந்து இருந்ததும் எரிவு அடங்கி, நண்டின் சதை ருசி தெரிந்தது. நானே கண்டுபிடித்தது. வேறு யாரும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால், தனியே நிற்கிறபோது ஒன்றைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. நல்லது எது, கூடாதது எது என்பது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில் கிடக்கிறது. வைனுக்கு மட்டும் இல்லை.

யூட் இன்றும் எல்லாவற்றையும் மணந்தார். நான் கேட்காமலே இரண்டாம் தரமும். பகிடி இல்லை, சிரிப்பு இல்லை. முடிந்ததும்,

"கிளாசுகளை விட்டிட்டுப் போ. நான் கழுவுறன்."

போனேன். வாசலில் திரும்பினால், குழாய் ஓடுகிறது, அவர் ஒரு கிளாசைப் பிடித்தபடி நிற்கிறார். நான் உள்ளே போகவில்லை. மண்டபத்துக்குப் போய்த் துவாய் மடித்தேன்.

வீடு வந்தும் அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

போயா, பௌர்ணமி விடுமுறை. வேலை இல்லை. எங்கள் ஊர் வங்காலையிலும் காற்றுத்தான். காயப்போட்ட சேலை அடுத்த வளவு வேலியில்.

காலையில் யூட் தேங்காய் துருவினார். நான் பக்கத்தில் வெங்காயம். தலை நிமிராமல் சொன்னார்.

"ரெஜி, நாளைக்கு அந்தக் கிளாசுகளை என்னட்டக் கொண்டு வராதை."

"ஏன்?"

"ஏனெண்டு உனக்குத் தெரியும்."

கத்தியை வைத்தேன்.

"நேற்றுக் கழுவேக்க ஒண்டில மிச்சம் கிடந்தது. உதட்டில வைச்சனான்."

"குடிச்சனீங்களோ?"

"இல்லை. உதட்டில பட்டது. ஊத்திப்போட்டு முகம் கழுவினனான். உனக்குச் சொல்லாமல் விட்டா இன்னொருக்கா வைப்பன். அதுதான் சொல்லுறன்."

"நான் உங்களைக் கேட்டிருக்கக் கூடாது."

"நீ கேக்கேக்க எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினனி. கனகாலத்துக்குப் பிறகு நான் சொன்ன ஒண்டை ஒராள் எழுதி வைக்குது. அந்தச் சந்தோசத்தோட அந்த மணமும் சேர்ந்து வந்திட்டுது." துருவலை ஒதுக்கினார். "பழைய மணம் இல்லை. இது வடிவான மணம். அதுதான் பயமாக் கிடக்கு."

வெங்காயம் என்று கண்ணைத் துடைத்தேன். அவர் நம்பியிருக்கமாட்டார்.

இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். இரண்டு வருடமும் நான்கு மாதமும் நாள் எண்ணியவள் நான். கல்யாண வீட்டுக்கு அவரை விடாதவள் நான். சாராயம் இல்லை, வைன்தானே, குடிக்கவில்லை, மணக்கத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பொறுப்புக்காக மூக்குக்கு நேரே பிடித்தவளும் நான். புதன்கிழமையே தெரியும். அவர் குடித்திருந்தால் ஊரே அவரைத்தான் ஏசியிருக்கும். நானும்.

பின்னேரம் தனியே கரைக்குப் போய் ஈரச் சிப்பி ஒன்று எடுத்து வந்தேன். தேசிக்காய்த் தோல், கொய்யா, வைக்கோல், சிப்பி. கண்ணை மூடி ஒவ்வொன்றாக மோந்து பழகினேன். இரண்டுதான் பிடிபட்டது.

மு. போன். நாளைக்குச் சினேகிதருக்கு முன்னால் நான் பெயர் பார்க்காமல் ருசித்துச் சொல்லவேண்டுமாம். ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 9, சனி

எட்டு மணிக்கே மு.விடம் போனேன். கதிரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடி சொன்னேன்.

"அண்ணை, நான் அனுப்பின வரியள் என்ரை இல்லை. யூட் மணந்து சொன்னது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "எங்கட யூட்டோ? அப்ப இன்னும் நல்லது! மத்தியானம் அவரைக் கூப்பிடுவம். கண்ணைக் கட்டிப்போட்டு மணக்க விடுவம். சனம் அசந்துபோகும்."

"இல்லை அண்ணை. அவர் வரமாட்டார்."

"ஏன், வெக்கமோ?"

"அவர் குடியை விட்டவர். நான்தான் பிழை விட்டனான். இனி அவருக்குக் கிட்டப் போத்தல் போகாது."

கோப்பையை வைத்தார்.

"அப்ப உங்களுக்கு என்ன தெரியும், ரெஜி?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"மணம் பெரிசாத் தெரியாது. டோஹாவிலயும் ஊத்தினதுதான், குடிக்கேல்லை. ஆனா எங்கட நண்டோட எது எரியும், எது அடங்கும் எண்டு தெரியும். அது என்ர நாக்கால பாத்தது."

"சரி. அதைச் செய்து காட்டுங்கோ."

சினேகிதர் இருவர், பாரிசில் இருக்கும் எங்கள் ஆட்கள், ஆளுக்கொரு தொப்பி. கண்கட்டு விளையாட்டு இல்லை. பொரியலுக்குப் பிரான்ஸ் ஊற்றினேன், தலையாட்டினார்கள். நண்டு வந்ததும் ஜேர்மனியை எடுத்தேன். ஒருவர் தடுத்தார். "வேண்டாம் தங்கச்சி, எங்களுக்குப் பிரான்சே போதும்." பிரான்சையே ஊற்றினேன். இரண்டாம் வாயில் அவருக்கு இருமல், தண்ணீர், மூக்கில் கைக்குட்டை. பக்கத்தில் இருந்தவர் ஜேர்மனியைக் கேட்டார். பிறகு இருமியவரும். அந்தப் போத்தல் நண்டு முடியமுன் முடிந்தது.

கிளாஸ் எல்லாவற்றையும் வெளிக் குழாயில் நானே கழுவினேன். வாளியையும். யூட் உள்ளே பாயாசம்.

மு. முடிவு: ஜேர்மனியும் பிரான்சும். மண்டபம் எனக்கு. வைனுக்கு மட்டும் அடுத்த மாதம் கொழும்பிலிருந்து படித்த ஒருவர் வருவார், அலுமாரியைப் பூட்டித் திறப்பை அவர்தான் வைத்திருப்பார். "கோவமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் கொஞ்சம் இருந்தது. பாலம் கடக்கும்போது போய்விட்டது.

யூட்டிடம் எல்லாம் சொன்னேன். "நான் குடியை விட்டவன் எண்டு சொன்னனியோ?" "ஓம்." "நல்லது. நான் ஆருக்கும் சொல்லேல்லை."

ஓகஸ்ட் 10, ஞாயிறு

முதற்பூசை. காற்றுக் கொஞ்சம் தணிவு. மடு மாதா கோயிலுக்குப் போகிற வண்டிக்குப் பெயர் கொடுக்க. அரிசி. சவுக்காரம்.

பூசை முடிந்து வந்து யூட் பின் வளவில் மீன் வெட்டினார். நான் தண்ணீர் ஊற்றினேன். திடீரென்று கேட்டார்.

"அந்த ஆறிலயும் உனக்கு எது பிடிச்சது?"

இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை. எனக்கே கேட்கத் தோன்றவில்லை. எது தோதானது, எது எரியும், எது பேருக்கு நல்லது என்றே பார்த்தேன். பிடித்தது என்று ஒன்று இருந்தது. வியாழக்கிழமை ஒரு வாய் துப்பவில்லை. அதை இந்தக் கொப்பியில்கூட எழுதவில்லை.

"ஜேர்மனி. ஒரு வாய் விழுங்கினனான். இன்னொரு வாய் கேட்டுது."

கத்தி நின்றது. என்னைப் பார்த்தார். ஏச்சு வரும் என்று நினைத்தேன்.

"என்ன மாதிரி இருந்தது?"

கேட்டவரின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு ஆசையோடு.

"சொல்லமாட்டன்."

மீனைத் திருப்பிப் போட்டார்.

"சரி. தண்ணியை ஊத்து."