கூரையில்லாத ஜீப்

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து மேகம். ராஜகிரி உச்சி தெரியவில்லை. மலை முக்காடு போட்டால் மதியத்துக்குள் மழை. இதுவரை தப்பியதில்லை.

செல்வி ஜீப் வாங்கி இன்றோடு பன்னிரண்டு நாள். பழைய வண்டி. கூரை கிடையாது. கதவு இடுப்பு வரைக்கும்தான். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். வண்டி என்றால் மேலே கூரை, பக்கத்தில் கண்ணாடி, பிடிக்க ஒரு கம்பி. என் மகளுக்கு மட்டும் மொட்டை வண்டி கேட்கிறது.

கால்நடை டாக்டர். அவலூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் எங்கே மாடு படுத்தாலும் ஓட வேண்டும். சேற்றில் ஸ்கூட்டர் இரண்டு முறை சாய்ந்தது. அதனால் ஜீப். நியாயம்தான். நியாயமான விஷயத்துக்குத்தான் அதிகம் பயமாக இருக்கிறது, மறுத்துப் பேச முடியாதே.

"மழ வந்தா நனையப் போறேன் நைனா. மாடு நனையல?"

"மாட்டுக்கு ஒயரிங் இல்லடி."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

செய்ய வேண்டியவை:
ரப்பர் பாய் நாலையும் எடுத்துக் கழுவிக் காயவைப்பது.
வண்டித் தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றுவது (தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும்).
ஃபியூஸ் பெட்டிக்கு பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்டு.
ஜப்பார் பாயிடம் மேல்துணி தைக்கக் கொடுப்பது.
வண்டியை விற்றுவிடச் சொல்வது. எப்படி?

ஐப்பசி 19, புதன்

ராத்திரி பூரா மழை. சீட்டு இரண்டும் ஊறிவிட்டது. கையால் அழுத்தின இடமெல்லாம் தண்ணீர். துண்டு போட்டு அழுத்தி, பிழிந்து, மறுபடி அழுத்தி. ஆறு துண்டு. காமாட்சி ஏழாவது துண்டைத் தரமாட்டேன் என்று கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண்சாதி சொத்து.

ஜப்பார் பாய் கடைக்குப் போனேன். சீட்டு கவர், ரெக்சின், வண்டி ஒயரிங், எல்லாம் அவர்தான். வந்து அளவெடுத்தார்.

"இன்னா கண்டக்டரே, பொண்ணு வண்டியா, ஒங்க வண்டியா? மூஞ்சப் பாத்தா நீங்கதான் மழையில நின்னா மாதிரி இருக்குது."

துணி சென்னையிலிருந்து வரவேண்டுமாம். பத்துப் பன்னிரண்டு நாள். அதுவரை?

"தார்ப்பாய் போட்டு மூடுங்க."

ஐப்பசி 21, வெள்ளி

கடைத் தார்ப்பாய் எல்லாம் நைஸ் பிளாஸ்டிக். ஒரு காற்றுக்குக் கிழிந்துவிடும். சிங்கவரம் போய் மச்சான் வீட்டில் கேட்டேன். களத்தில் மல்லாட்டை காயவைக்கும் தார்ப்பாய், நல்ல கனம். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் முழுக்க வேர்க்கடலை வாசனை. ஒரு குழந்தை கேட்டே விட்டது, தாத்தா மல்லாட்டை விக்கறியா என்று.

வீட்டுக்கு வந்து சேரவும் தூறல் ஆரம்பம்.

"உதறிப் போடுங்க. மடிப்பு மடிப்பா மல்லாட்ட தூசு இருக்குது பாருங்க." காமாட்சி.

உதறிக்கொண்டு நின்றால் உள்ளே நனைந்துவிடும். அப்படியே விரித்தேன். பஸ் மேல் மூட்டை கட்டுகிற கட்டு. இழுத்தால் இறுகும், சும்மா அவிழாது. இந்தக் கை இன்னும் மறக்கவில்லை.

ஐப்பசி 22, சனி

உள்ளே ஒரு சொட்டு இல்லை! தரை காய்ந்திருக்கிறது. சீட்டு காய்ந்திருக்கிறது. நாலு இடத்தில் கை வைத்துப் பார்த்தேன்.

செல்வி கட்டை அவிழ்க்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். "இன்னா நைனா, வண்டிய பொட்டலம் கட்டி வச்சிருக்கிற." ஆனால் சீட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இந்த வாரத்தில் எனக்கு நல்லபடியாகப் போனது அந்த ஒரு நிமிடம்தான்.

டிவியில் காற்றழுத்தம் என்கிறான். வங்கக் கடல் படத்தில் சுழி சுற்றுகிறது. டிவியை அணைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சர்வீஸில் இருந்தபோது ஒரு மழை நாள். தரைப்பாலத்தில் தண்ணீர் புரள்கிறது. எங்கள் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். மூன்று மணி நேரம். ஜனங்கள் கத்தினார்கள், என்னைத் திட்டினார்கள். ஒரு வேன் எங்களைத் தாண்டிப் போனது. நடுப்பாலத்தில் இன்ஜின் நின்றது. அப்புறம் நடந்ததை நான் படியில் நின்றபடி பார்த்தேன். வேனுக்குள் இருந்த முகங்கள் இன்றும் தெரிகிறது. செல்வி அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் ஸ்கூல் பையைத் தூக்கி மேலே வைத்தேன், ஏன் என்று தெரியாமல்.

ஐப்பசி 24, திங்கள்

செல்வி சாப்பிடும்போது சொன்னாள், வைப்பர் ஒரு தரம் நின்று நின்று ஓடியதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் ஒயரிங்குக்குள் போய்விட்டது. வேறென்ன?

சாயந்திரம் டேஷ்போர்டுக்கு அடியில் என் பழைய வேட்டி இரண்டைச் சுருட்டித் திணித்தேன். ஈரம் எல்லாம் இழுத்துக்கொள்ளும். தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டினேன். காற்று கூடப் போகாது.

கட்டும்போது உள்ளே ஏதோ கரகர என்றது. மழைச் சொட்டுதான். மரத்திலிருந்து விழுந்திருக்கும்.

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும். காமாட்சிக்குக் கால் வலி மாத்திரை.

ஐப்பசி 26, புதன்

காற்று. வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து தெருவில். கரண்ட் இல்லை.

இன்று போகாதே என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"நீயே போயி மாட்டு கிட்ட சொல்லு நைனா, இன்னைக்கு கன்னு போடாத, எங்கப்பாவுக்கு பயமா இருக்குதுன்னு."

போய்விட்டாள். ஏழு முறை போன் செய்தேன். ஐந்து முறை எடுத்தாள். சாயந்திரம் நல்லபடியாக வந்தாள். நான் அசடு வழிந்தேன். நாளைக்கு ஒரு முறைதான் செய்ய வேண்டும்.

ஐப்பசி 27, வியாழன்

எழுத்து எனக்கே படிக்க வராது.

மதியம் பன்னிரண்டே கால். தெரியாத நம்பர். "டாக்டரம்மா அப்பாங்களா? பதறாதீங்க." பதறாதே என்றால்தான் உயிர் போகிறது. "ஜீப்பு தரப்பாலத்துல நின்னுப்போச்சு. தண்ணி ஏறுது. டிராக்டருக்கு ஆள் போயிருக்குது."

அப்புறம் போன் கட்.

பதினெட்டு நிமிடம். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். காமாட்சி சாமி படத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள், ஒன்றும் வேண்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த வேன்தான். அதே முகங்கள். அதில் ஒரு முகம் என் பெண்.

மறுபடி போன் வந்தது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். பிரசவத்தில் கன்று இழுக்க அவள் வண்டியில் வைத்திருக்கும் கயிறே.

வீட்டுக்கு வந்து சொன்னதை எழுதுகிறேன். பாலத்தில் இறங்கும்போது தண்ணீர் கணுக்கால் அளவு. ஜீப்புக்கு அது ஒன்றுமே இல்லை. நடுவில் போனதும் இன்ஜின் பட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. மேலே எங்கேயோ ஏரி உடைத்துக்கொண்டதோ என்னவோ, தண்ணீர் சரசரவென்று ஏறியது. சீட்டு மேல் ஏறி மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாளாம்.

சாப்பிடவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சின்னதில் காய்ச்சல் வந்தால் படுப்பது போல.

தண்ணீர் ஒயரிங்குக்குள் போனதுதான் காரணம். நான் அப்போதே சொன்னேன்.

ஐப்பசி 28, வெள்ளி

நான் சொன்னது தப்பு.

ஜப்பார் பாய் கடையில் வண்டி. செல்வி வீட்டில். நான் மட்டும் போனேன். பாய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, என் வேட்டியை வெளியே இழுத்தார். வேட்டி இல்லை அது, கந்தல். எலிக்கூடு. இளஞ்சிவப்பாக நாலு குட்டி. கூடு நிறைய மல்லாட்டைத் தோல்.

ஒயர் ஒயராகக் கடித்து வைத்திருக்கிறது. வைப்பர் ஒயர். ஸ்டார்ட்டர் ஒயர். டீசலைத் திறந்து விடுகிற வால்வுக்குப் போகும் ஒயர், அதுதான் பாலத்தில் அறுந்திருக்கிறது.

"ஒயரிங்குல தண்ணி ஒரு சொட்டு போவல கண்டக்டரே. நல்லாத்தான் மூடியிருக்கிறீங்க."

சீட்டைத் தூக்கினார். அடியில், பஞ்சு ஈரத்தில், ஒரு மல்லாட்டை முளைத்திருந்தது. வெள்ளையாக வேர், இரண்டு பச்சை இலை. பாய் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பொண்ணு கிட்ட எலின்னு மட்டும் சொல்றேன். எலி எங்கயும்தான் வரும்."

அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

உதறிப் போடச் சொன்னாள் காமாட்சி. இரண்டு நிமிட வேலை.

ஐப்பசி 29, சனி

வண்டி ரெடி. ஒயர் எல்லாம் புதுசு. மேல்துணிதான் இன்னும் வரவில்லை. பாய் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். செல்வி வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை.

சாயந்திரம் அவளாகவே சொன்னாள். "வித்துடலாம் நைனா. எலி, மழை, பாலம்... எது எப்போ நிக்கும்னே தெரியல. எனக்கு பயமா இருக்குது. நீ சொன்னதுதான் சரி."

இந்த வார்த்தைக்காகத்தான் பதினெட்டாம் தேதி பட்டியல் போட்டேன். கிடைத்துவிட்டது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. எலி என்று பாய் சொல்லிவிட்டார். வண்டி போய்விடும். மழைக்காலத்தில் பஸ்ஸில் போவாள், கூரைக்கு அடியில்.

இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சட்டைப் பையில் அது இன்னும் இருக்கிறது. காமாட்சி துவைக்கக் கேட்டாள், தரவில்லை.

ஐப்பசி 30, ஞாயிறு

மழை விட்டு வெளிவாங்கியிருக்கிறது. நாளைக்கு மறுபடி மழையாம்.

பத்து மணிக்கு செல்விக்கு போன். சீயமங்கலம் பக்கம் யாரோ, மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லையாம். நான் பேப்பர் படிப்பது போல இருந்தேன்.

"இல்லீங்க... வர முடியாது. நாளைக்கு மழ வேற சொல்லியிருக்காங்க. ரோடு எப்படி இருக்குமோ. வேற யாரையாவது பாருங்க."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மழை வரும், ரோடு எப்படியோ, என்ன ஆகுமோ. அந்தக் குரல் எனக்குத் தெரியும். தினமும் என் வாயிலிருந்து வருவதுதான்.

அந்த வேன் என்னை இத்தனை வருடம் படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. இவளையும் ஏற்றி நிறுத்தவா?

சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வாடிப்போயிருந்தது, ஆனாலும் இரண்டு இலை தெரிந்தது.

"ஒன் சீட்டுக்கு அடியில மொளச்சுது. எலி தானா வரலம்மா. நான் தார்ப்பாய உதறாம போட்டேன். கூடு கட்ட வேட்டியும் நான்தான் குடுத்தேன். வண்டி மேல தப்பில்ல. ஒன் மேலயும் இல்ல."

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எப்ப தெரியும்?"

"முந்தாநேத்து."

"நேத்து நான் விக்கறேன்னு சொன்னப்ப தெரியும்."

"தெரியும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து போனில் பேசும் சத்தம். "நான்தாங்க டாக்டர். காலையில வந்துடறேன்."

கார்த்திகை 1, திங்கள்

மழை. மலை தெரியவில்லை.

ஆறரைக்குக் கிளம்பினாள். தார்ப்பாயை நேற்றே உதறி, கழுவி, மச்சானுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். ராத்திரி பெய்தது எல்லாம் சீட்டில். துண்டை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டிவிட்டு, ஈரச் சீட்டிலேயே உட்கார்ந்து போய்விட்டாள். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

தரைப்பாலத்துக்கு வந்ததும் போன் செய்கிறேன் என்று காமாட்சியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏழு. ஏழேகால். நான் போன் செய்யவில்லை. போனைக் காமாட்சி மடியில் கொடுத்துவிட்டேன், கையில் இருந்தால் அழுத்திவிடுவேன்.

ஏழரை. எழுதிக்கொண்டிருந்தால் கொஞ்சம் தேவலை.

எட்டு மணிக்கு போன் அடித்தது. காமாட்சி இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள். "ஒங்ககிட்ட குடுக்க சொல்றா."

"தண்ணி எவ்ளோம்மா?"

"முழங்காலுக்கு மேல போவுது நைனா. நான் எறங்கல. இப்பிடி கரையிலயே நிறுத்திட்டேன். வடியட்டும், மூணு மணி நேரம் ஆனாலும் நிக்கறேன். மாட்டுக்காரர் கிட்டயும் சொல்லிட்டேன்."

பின்னால் மழைச் சத்தம். வேறு வண்டிகளின் ஹாரன்.

"நனைஞ்சிட்டியா?"

"தொப்பலா. சீட்டு, ரப்பர் பாயி, எல்லாம் தண்ணி."

நனையட்டும்.