வரலாறு உன் பங்கு

என் அண்ணிக்கு,

அம்மா முன்னால் 'நீங்க', அடுப்படியில் 'நீ'. அப்படித்தான் நமக்குள் ஏற்பாடு. இருவருக்கும் ஒரே வயது, வேறென்ன செய்ய? இந்தக் கடிதத்தை யார் யாரோ படிக்கலாம். இருந்தாலும் 'நீ' என்றே எழுதுகிறேன்.

அயனம்பாக்கம் ஏரி இந்த மழையில் நிரம்பிவிட்டது. நம் பின்வாசலில் நின்றால் இப்போது தண்ணீர் தெரியாது. நடுவில் இன்னொரு அடுக்குமாடி. தவளைச் சத்தம் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே மேசை. அதற்கு மேலே அண்ணன் உன் படத்தை மாட்டியிருக்கிறான். "அவ பாத்துகினு இருந்தாத்தான் இதுக்குப் படிப்பு ஏறும்" என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஆணி அடித்தான். நிமிர்ந்தால் நீ. குனிந்தால் அரசியலமைப்பு. வேறெங்கே பார்ப்பது?

தென்காசியிலிருந்து நீ மருமகளாக வந்தபோது சேலைப் பெட்டியைவிடப் புத்தகப் பெட்டி கனமாக இருந்தது. நீயும் குரூப் தேர்வுக்குப் படிக்கிறாய், நானும் படிக்கிறேன். பாடத்திட்டம் பெரிது. சமைத்து, துவைத்து, மிஞ்சுகிற நேரம் சிறிது. நீதான் வழி சொன்னாய். "பாகம் பிரிச்சிருவோம்ட்டி. வரலாறு எனக்கு, சட்டமும் நிர்வாகமும் உனக்கு." ஒருத்தியின் புத்தகத்தை மற்றவள் தொடக் கூடாது. படித்ததைக் காய் நறுக்கும்போது வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படித்தான் நமக்குள் பாடம் நடந்தது.

நீ வரலாற்றைத் தெருச்சண்டை மாதிரி சொல்வாய். "பல்லவனுக்கும் சாளுக்கியனுக்கும் என்ன சண்டைன்னு நெனைக்க? பக்கத்து வீட்டுக்காரன் உன் எடத்துல செவரத் தள்ளிக் கட்டுனா சும்மா இருப்பியா? அதேதான்."

நான் என் பங்கைச் சொல்வேன். அடிப்படை உரிமைகளை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம். வழிகாட்டு நெறிமுறைகளை அப்படிக் கேட்க முடியாது. நீ தேங்காய்த் துருவலை நிறுத்திவிட்டுக் கேட்டாய். "அப்போ அத்தை சொல்லுதது எதுல வரும்?"

"அது நெருக்கடி நிலை, அண்ணி."

நீ சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அங்க இன்னா சிரிப்பு? படிக்கிறீங்களா, படம் பாக்குறீங்களா?"

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்றாய். அடுத்த வெள்ளிக்கிழமை நீ இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் இது உறைத்தது. பாடத்தில் பாதி என்னிடம் இல்லை. நான் வரலாற்றைப் படித்ததே கிடையாது. கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். உன் புத்தகத்தைத் திறந்தேன். அடுப்படியில் கைகால் முளைத்து நடந்த ராஜாக்கள் இங்கே வெறும் ஆண்டுகளாகக் கிடந்தார்கள். நீ எதை முதலில் சொன்னாய், எதைப் பிறகு சொன்னாய்? உளுந்து ஊறிய அன்று ஒன்று, கீரை ஆய்ந்த அன்று ஒன்று. சமையலின் வரிசையில் கேட்டதைக் காலத்தின் வரிசையில் எப்படி அடுக்குவது?

இருந்தாலும் போய் எழுதினேன். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மையம். உனக்குத் தெரியும், தெரியாத கேள்வியைச் சும்மா விட முடியாது. ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்கி 'விடை தெரியவில்லை' என்று சொல்லியாக வேண்டும். வரலாறு வந்த இடமெல்லாம் அந்த வட்டத்தையே நிரப்பினேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என் மேசை அருகே நின்று பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

தேறவில்லை.

இப்போது மறுபடியும் அறிவிப்பு வந்திருக்கிறது. அண்ணனூர் ரயில் கார்ஷெட்டிலிருந்து அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அவன் என்னைக் காட்டிச் சொல்கிறான்: "அவ கனவு இது. ரெண்டு பேருக்கும் சேத்து இதுதான் எழுதுது." வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். பிறகு உன் படத்தைப் பார்க்கிறார்கள். நான் தேநீர்த் தட்டோடு நடுவில் நிற்கிறேன்.

அம்மாவுக்கும் என் படிப்பு வேண்டியிருக்கிறது, வேறு விதத்தில். பெண் கேட்டு வருகிறவர்களிடம் "பரீட்சைக்குப் படிச்சிகினு கீது, முடியட்டும்" என்கிறாள். இத்தனை வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் குடியிருக்கிறேன். ஒருநாள் அதை உரசிப் பார்த்தேன்.

"அம்மா, நான் படிப்ப நிறுத்திட்டா?"

அம்மா திரும்பக்கூட இல்லை. ரசத்தில் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள். "நிறுத்தேன். அப்ப வர்ற தையிலயே முடிச்சிடலாம்."

எழுதினால் உனக்காக. எழுதாவிட்டால் யாரோ ஒருவனுக்காக. எனக்காக என்று ஒன்று இந்த வீட்டில் எங்கே இருக்கிறது அண்ணி?

உன் கனவு என்று இவர்கள் சொல்வது எது என்று நான் யோசிக்கிறேன். எனக்கு ஒரு மதியம் நினைவிருக்கிறது. பத்தொன்பதாவது பிரிவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசும் உரிமை, கூடும் உரிமை எல்லாம் தாண்டி, நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் உரிமை என்ற இடம் வந்ததும் "ஏட்டி, அத இன்னொரு தடவ சொல்லு" என்றாய். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாய். மனப்பாடம் செய்கிறாய் என்று நினைத்தேன்.

"பாஸாயிட்டா கவுன்சிலிங்ல ஊர நாமளே எடுக்கலாமா?"

"ரேங்க் இருந்தா எடுக்கலாம்."

"அப்போ ராமநாதபுரம் எடுப்பேன். ஒருத்தருக்கும் நம்மளத் தெரியாதுல்லா. ஒரு வீடு, ஒரு சாவி. உங்க அண்ணன வேணா கூட்டிட்டுப் போறேன், பாவம்."

விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் கத்தி நின்றிருந்தது. பாதி நறுக்கிய வெண்டைக்காய் உன் கையில் அப்படியே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ளிகேஷன் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"இன்னாத்துக்கு லேட்டு? அவ இருந்திருந்தா மொத ஆளா போட்டிருப்பா. அவ ஆசைய நீதான—"

"அண்ணா, அவ ஆசை ஆபீசர் ஆவறது இல்ல."

"இன்னா சொல்ற?"

"தூரமா ஒரு போஸ்டிங். எந்த வேலையா இருந்தாலும் சரி. இந்த ஊட்ட விட்டுப் போவணும். அதுக்குத்தான் படிச்சா."

தண்ணீர்க் குழாய் அவன் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. "என்னை விட்டுட்டா?"

"உன்னையும் இட்டுகினுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீ கேட்டியா?"

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குழாயை மூடினான். சோப்பு நுரையோடு வண்டி அப்படியே நின்றது. அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டான்: "நீயும் போவணும்னுதான் நினைக்கிறியா?"

"ஆமா."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். உள்ளே மிக்ஸி ஓடுவது கேட்டது. அது நிற்கும்வரை உள்ளே போக எங்களுக்கு மனமில்லை.

உன் ரகசியத்தை உடைத்துவிட்டேனா? சொல்லாமல் இருந்திருந்தால் உன்னை வைத்து என்னைக் கட்டிப்போட்டிருப்பார்கள். நீ விரும்பியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும்.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். உனக்காக இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தும் இல்லை. வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து தனியாகப் படிக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. சிரிப்பும் வருவதில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அண்ணி. தேறினால் போவேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். தேறாவிட்டாலும் போவேன். அம்மாவிடம் அதை நானே சொல்வேன்.

உன் நாத்தனார்