சுவரோரம் நீந்திய எலிகள்

18.01.2007
என் பெண் எலிகளை எல்லாம் கொன்றுவிட்டார்கள். காலையில் ஆய்வுகூடத்தைத் திறந்தால் கூடுகள் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன.

"சண்டையில ரோட்டு பூட்டிக் கிடக்கு, கொழும்பில இருந்து எலிக்குத் தீன் வரல்ல. நீ போய் ஆண் எலிகளப் பாரு பிள்ளை, அது போதும்" என்றார் பேராசிரியர் நல்லரத்தினம். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை!

மறதி நோய்க்கு வல்லாரைச் சாறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. தண்ணீர்த் தொட்டியில் விட்டால், நீருக்குள் மறைந்திருக்கும் மேடையை எலி நினைவு வைத்து நீந்திப் பிடிக்க வேண்டும். பெண் எலிகள் சுவரோரமே சுற்றின. "பொட்டையளுக்கு மூளை இல்ல, கணக்கக் குழப்புது" என்று சிரித்தார். மறதியில்லை சேர், பயம் என்றேன். தண்ணீருக்குப் பழக்கிவிட்டு மறுபடி பார்க்க இருந்தேன். அதுவும் இன்றைக்கு.

இந்த மனுசனை ஒருநாள் அழவைப்பேன். சத்தியம்.

02.02.2007
உம்மா இன்றும் வாசலைப் பார்த்தபடி, "வாப்பா வந்திட்டாரா மகள்?" சுனாமி வாப்பாவைக் கொண்டுபோய் இரண்டு வருடம். கிணற்றடியில்கூட உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். டொக்டர் மறதி நோய் என்கிறார். மறதியா, பயமா? இனி எந்த எலியிடம் போய்க் கேட்பேன்?

11.08.2008
சேரின் கட்டுரை வெளிவந்துவிட்டது. வல்லாரை நினைவை மீட்குமாம். யாருடைய நினைவை? பெண் எலி என்ற சொல்லே அதில் இல்லை. பாராட்டுக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டு நாறடிக்கவா என்று இருந்தது. வேண்டாம், இன்னும் உயரத்துக்குப் போய் விழட்டும். கை தட்டினேன்.

வீட்டில் உம்மாவுக்கும் அதே சாற்றைத்தான் கொடுக்கிறேன். வேறு என்ன இருக்கிறது?

19.05.2009
சண்டை முடிந்ததாம். தெருவில் வெடி கொளுத்துகிறார்கள். உம்மா கட்டிலுக்கடியில். என்னுடைய சண்டை முடியவில்லை.

03.09.2009
சேர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவருடைய மனைவி ஆச்சிப்பிள்ளை, சாப்பிட்டதையே மறந்துபோகிறாராம். மாதக்கணக்கில் சாறு கொடுத்தும் பலனில்லை.

"கூடிக்கொண்டே போகுது பிள்ளை. பொம்பிளையளுக்கு அளவு வேறயோ? உங்கட எலிகள்ல என்ன கண்டீங்க?"

முதல் தடவையாக 'உங்கட' என்றார். இதற்காகத்தானே இவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"அதுகளத்தான் நீங்க கொன்றிட்டீங்களே, சேர்."

அழுதார். நன்றாக அழட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவின் போத்தலைத் திறந்தேன். கரண்டி கையில். எவ்வளவு ஊற்ற? எனக்கும் தெரியாதே.

21.09.2009
ஆய்வுகூடத்துக்குப் புதிய பெண் எலிகள் வந்துவிட்டன. தீன் வைப்பது சேர்தான். நான் இன்னும் மன்னிக்கவில்லை.