தூர் வாராமல் விட்ட கால்வாய்

என் அருமைத் தங்கை கன்னியம்மா,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. சர்க்கார் உத்தரவு இப்போதுதான் வந்தது. பாலாற்று ஊற்றுக்கால்வாயின் மதகைக் கல்லால் கட்டித் தருகிறார்களாம், குடிதண்ணீர்க் கிணறும் வெட்டுகிறார்களாம். மனு எழுதியவன் என்று ஊரே என்னைப் புகழ்கிறது. எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆறு வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, மணலைத் தோண்டி, ஊற்றைக் கால்வாய்க்குத் திருப்புவது நம் ஊர் முறை. உன் புருஷன் செத்த பிறகு உன் வீட்டு முறைக்கு நீயே இறங்கினாய். பொம்பளை எதற்கு என்றவர்களிடம், "எங்க வூட்ல தண்ணி குடிக்கிறது யாரு, நான்தானே?" என்றாய். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

போன வருஷம் யாரும் இறங்க வேண்டாம் என்று சொன்னது நான். மதகு இடிந்துவிட்டது, கால்வாய் மணல் மூடிக் கிடக்கிறது என்று மனுவில் எழுதியிருந்தேன். அதிகாரி வரும்போது தண்ணீர் ஓடினால் மனு பொய்யாகிவிடுமே, உதவி கிடைக்காதே என்று பயந்தேன். ஊரும் தலையாட்டியது. நீ மட்டும்தான் கேட்டாய்.

"இன்னா அண்ணா, தொரை வர்ற வரைக்கும் நாங்க இன்னாத்த குடிக்கிறது?"

"கொஞ்சம் பொறு, கன்னி. இந்த ஒரு வாட்டிதான்."

மாசி போயிற்று, பங்குனி போயிற்று, அதிகாரி வரவில்லை. கிணற்றில் விட்ட குடம் தரையில் இடித்துத் திரும்பியது. தோல் பதனிடுகிற ஷாப்பின் கழிவு இறங்கும் குட்டையிலிருந்து நீ தண்ணீர் சுமந்ததைப் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. காலையில் பிடித்த வாந்திபேதி பொழுது சாய்வதற்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக நீ கேட்டதும் தண்ணீர்தான். வேறு இல்லாமல் அதே குட்டைத் தண்ணீரைத்தான் உன் வாயில் ஊற்றினேன்.

உன் காரியம் முடிந்த மறுவாரம்தான் அந்த அதிகாரி, ஓவர்சியர், வந்தார். மணல் மேட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏன்யா தோண்டாம வுட்டீங்க?"

"எங்க கஷ்டம் கண்ணுக்குத் தெரியட்டும்னுதாங்க."

"மணலு வருஷா வருஷம் மூடறதுதானே, அது ஊரு வேலை. நான் பாக்க வந்தது இடிஞ்ச மதகை. நீங்க தோண்டியிருந்தாலும் இதையேதான் எழுதிக் குடுத்திருப்பேன்."

அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நானும் இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன். என்னைப் புகழ்கிற ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எல்லாரும் படிக்க எழுதுகிறேன்.

உன் அண்ணி இப்போதெல்லாம் நல்ல தண்ணீரைக் கூட முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றுகிறாள். என்னோடு பேச்சு கம்மி. நீ இருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாயா? இல்லை, அண்ணன்தானே என்று விட்டிருப்பாயா?

நாளைக் காலை ஊர் ஆற்றில் இறங்குகிறது. ஆள் இல்லாத வீடு என்று உன் வீட்டை முறையிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. உன் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறேன். என் வீட்டுக்குத் தோண்டிவிட்டு உன் வீட்டுக்கும் நானே தோண்டுவேன், உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும், எந்த அதிகாரி வந்தாலும் வராவிட்டாலும்.

பொறு என்று உன்னிடம் சொன்ன
உன் அண்ணன்