திறந்து கிடந்த வளைகள்

1911, மாசி, சனி இரவு.

திங்களன்று எங்கள் செம்மண் புல்தரையை அப்பா உழப்போகிறார். இந்தப் பக்கத்தில் வெள்ளெலிகளுக்கு மிஞ்சிய இடம் அது ஒன்றுதான். அவை பகலில் வளைவாயை உள்ளேயிருந்து மண்ணால் அடைத்துத் தூங்கும். இன்று எல்லா வளைகளும் திறந்து கிடந்தன. எலி சேர்த்த நெல்லை எடுக்க வந்த மாடத்தி அக்கா ஒன்றைத் தோண்டினாள். கதிர்கள் அடுக்கியபடியே இருந்தன. எலி இல்லை.

"எடுக்கலையா அக்கா?"

"வேண்டாம் தாயி. சோத்தை விட்டுட்டுல்லா போயிருக்கு! உங்கப்பா உழப்போறதை அதுகள்ட்ட யாரு சொன்னா? வா, பைய வீட்டுக்குப் போயிருவோம்."

படுக்க வந்தால், என் கட்டிலடியில் புதிதாக ஒரு வளை. அதன் வாய் உள்ளேயிருந்து அடைக்கப்பட்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னால் புகை போட்டுக் கொன்றுவிடுவார். நான் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் வீட்டுத் தரை கரிசல். அடைத்திருப்பது செம்மண். விளக்கை அணைக்கக் கை வரவில்லை.