நூற்றுக்கு முப்பத்தேழு

மார்ச் 3
நூறு கிராம் சர்க்கரைக்கு முப்பத்தேழு கிராம் எண்ணெய்! கேட்டது இருபதுதான். சோளத்தட்டைச் சர்க்கரையை ஈஸ்ட் திரும்பிக்கூடப் பார்க்காது என்றார்கள். நான் மரபணுவை மாற்றிவிட்டதும் வெளுத்துக் கட்டியிருக்கிறது. கையோடு ஆய்வக இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இருபதைத் தாண்டினால் எரிபொருள் எண்ணெய் தயாரிக்க ஆயிரம் லிட்டர் தொட்டி எங்களுக்கு. இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். மூட்டை கட்டுவதாவது!

மார்ச் 4
சாப்பிடும்போது கணவரிடம் மறுபடி பீற்றிக்கொண்டேன். தையல்காரர் அல்லவா, கழிவைத்தான் முதலில் கேட்டார்: "மீதி எங்க போச்சு?"

மூச்சுவிடவும் வளரவும் செலவாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் கை நின்றுவிட்டது. நூறு கிராமிலிருந்து முப்பத்திரண்டுக்கு மேல் எந்த ஈஸ்ட்டாலும் தர முடியாது. கல்லூரியிலேயே படித்ததுதானே இது?

"என்ன, துணிய விட சட்டை பெருசாயிடுச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5
பதிவேட்டைப் புரட்டினேன். இப்போதைய சின்னத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தெளிவாக எழுதியிருக்கிறார்: நுரை பொங்கியது, நுரை அடக்கும் எண்ணெய் ஊற்றினேன். ஒன்பது முறை. ஊற்றிய எண்ணெயையும் சேர்த்து அளந்துவிட்டு, ஈஸ்ட் தந்தது என்று நான் — ஐயோ. கழிக்கவும் வழியில்லை, எவ்வளவு ஊற்றினோம் என்று குறிக்கும் வழக்கமே எங்களிடம் இல்லை.

"நீங்க படிப்பீங்கன்னுதாம்மா எழுதினேன்" என்றார் அக்கா. அவர்மேல் என்ன தப்பு? நான்தான் படிக்கவில்லை. முப்பத்தேழு என்றதும் தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 6
இயக்குநரிடம் நானே சொன்னேன். அவமானமாக இருந்தது.

"ஆறு நாள் தரேன். ஒரு சொட்டு எண்ணெய் உள்ள போகக்கூடாது" என்றார்.

முப்பத்தேழு இல்லை, சரி. இருபது எங்கே போகும்? என் ஈஸ்ட்டை எனக்குத் தெரியாதா?

மார்ச் 9
நுரைக்கு இடம் விட்டு, தொட்டியில் பாதிதான் நிரப்பியிருக்கிறோம். நுரை ஏறினால் கலக்கியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அக்காவும் நானும் மாறி மாறிக் காவல்.

மார்ச் 12
இருபத்துமூன்று.

மூன்று முறை அளந்தேன். பதிவேட்டை அக்காவோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்த பிறகுதான் மாடிக்குப் போனேன்.

"போன தடவ ஓடி வந்தீங்க, இந்தத் தடவ சத்தத்தையே காணோம்?" என்றார் இயக்குநர். தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, பெரிய தொட்டி எங்களுக்குத்தான் என்றார். படியிறங்கும்போது அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

அறிக்கையில் என் பெயருக்கு மேலே இடம் விட்டு அக்காவிடம் நீட்டினேன்.

"என் கையெழுத்து எதுக்கும்மா?"

"போடுங்கக்கா" என்றேன். போட்டார்.