பட்டறையில் ஆள் இருக்கும் வரை

என்னங்க, என் அன்புக்குரியவரே,

இன்று எழுந்ததும் காபிகூடப் போடாமல் கீழே இறங்கிப் பட்டறையைத் திறந்தேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. விடியுமுன்னே யாரோ வாசற்படியிலும் ஒரு மோட்டாரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் நம் கடைமடைக்கு வரவில்லை. குறுவைக்கு நாற்று விட்டவர்கள் எல்லாரும் போர்வெல் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறார்கள். வோல்டேஜ் இறங்கினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், எரிந்துவிடுகிறது. மன்னார்குடியில் எத்தனை கடை இருந்தாலும், நீங்கள் கண்மூடிய பிறகும் உங்கள் பெயரைச் சொல்லி இங்கேதான் கொண்டுவருகிறார்கள்.

சில நாள் முன்பு தஞ்சாவூர்ப் பட்டறைக்காரர் ஒருவர், பாதியை அனுப்பினால் காயில் கட்டித் தருவதாகச் சொன்னார். நம் பட்டறை மெக்கானிக் முருகேசனிடம் கேட்டேன்.

"வெளிய குடுத்தா அண்ணன் பேரு என்னாவுறது அண்ணி? நானும் சேகரும் இருந்து முடிச்சிடுறோம். ஓவர்டைம் போட்டுக் குடுத்துடுங்க, போதும்."

நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். எந்த சீசனிலும் ஒரு மோட்டாரைக்கூட வெளியே விட்டதில்லையே நீங்கள். சரி என்றேன். அன்றிலிருந்து இருட்டிய பிறகும் வேலை நடக்கிறது.

நேற்று முருகேசன் மனைவி கலா போன் செய்தாள். "அக்கா, அவரு பாய் தலகாணிய உங்க பட்டறைக்கே அனுப்பி வச்சிடவா?"

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "சோத்துல கைய வச்சுக்கிட்டே தூங்கிட்டாருக்கா. கரண்டு வேலை. பயமா இருக்கு."

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்றேன். சொன்ன வாய் கூசியது. இந்த வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நான் எப்போதாவது நினைத்தேனா?

உங்களிடம் சொல்லலாம். கீழே சுத்தியல் சத்தமும் அவர்கள் பேச்சும் கேட்டால்தான் மேலே என்னால் தட்டில் சோறு போட்டுக்கொள்ள முடிகிறது. நடுவில் டீ கொண்டுபோவேன். "அண்ணி, சர்க்கரைய மாடியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்பான் சேகர். அவர்கள் போனதும் வீடு அப்படியே அமுங்கிவிடுகிறது. நம் பெண் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில்?

உங்கள் பெயரைக் காப்பாற்றத்தான் அவர்களை நிறுத்திவைத்திருக்கிறேன் என்றால் ஊரே நம்பும். நீங்கள் நம்புவீர்களா?

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பாதி மோட்டார்கள் இன்றைக்கே தஞ்சாவூருக்கு வண்டி ஏறும். திரும்பி வருகிற ஒவ்வொன்றையும் நானே ஓடவிட்டுப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. முருகேசனும் சேகரும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவார்கள்.

அதற்குப் பிறகு கீழே யாரும் இருக்கமாட்டார்கள். இருந்து பார்க்கிறேன்.

உங்கள் மனைவி,
மாலதி